முன்னூறு ஓம் ஹெட்போனும் என் மீட்டரும்

ஊட்டுக்காரிக்கு ஒரு நல்ல ஹெட்போன் வாங்கணும். அவ்வளவுதானுங்க அன்னைக்கு வேலை.

பத்தரைக்குக் கெளம்பினா பன்னெண்டுக்குள்ள பட்டறைக்குத் திரும்பிடலாம்னு நெனச்சேன். சிங்காநல்லூர்ல நமக்கு மோட்டார் வைண்டிங் பட்டறை. முன்னால பட்டறை, பின்னால ஊடு. கருகிப்போன பம்பு மோட்டாரைப் பிரிச்சு, புதுசாக் கம்பி சுத்தி, மீட்டர் வெச்சுப் பார்த்து அனுப்பறதுதான் தொழில். இருவத்திரண்டு வருஷமா இதையேதான் செய்யறேன். அந்தத் திமிருதான் இந்தக் கதைக்கே காரணம்.

ஹெட்போன் எதுக்குன்னு சொல்லிடறேன். என் சம்சாரம் சுமதி வள்ளி கும்மி ஆடறா. பெரிய வட்டமா நின்னு, பாட்டுக்குத் தகுந்த மாதிரி அடி எடுத்து வெச்சு ஆடறது. வெள்ளகோவில்ல அரங்கேற்றம். அதுல ஒரு பாட்டை நீங்களே மைக் புடிச்சுப் பாடோணும் அம்மணின்னு ஆசிரியர் சொல்லிப்போட்டார். தன் குரல்லயே பாடி போனுக்கும் அனுப்பிட்டார்.

அத்தனை பொம்பளைங்களும் இவ குரலுக்குத்தான் ஆடணும். இவ ஒரு எடத்துல தடுமாறினா மொத்த வட்டமும் தடுமாறும். கல்யாணம் ஆனதுல இருந்து சுமதி எதுக்கும் பயந்து நான் பார்த்ததில்ல. இதுக்குப் பயந்தா.

"போன்ல சும்மா வெச்சுக் கேட்டா உங்க லேத்துச் சத்தந்தானுங்க கேக்குது. அவரு எங்க இழுக்கறாரு, எங்க நிறுத்தறாருன்னே புரியலீங்க. ஒரு நல்ல ஹெட்போன் இருந்தாத் தேவலைங்க"ன்னா.

"ஹெட்போனுக்குள்ள இருக்கறதும் சுத்தின கம்பிதான், காயில்தான் அம்மணி. காயில் பார்த்து வாங்கறதுல நம்மள மிஞ்ச ஆளிருக்குதா?"ன்னு கேட்டுட்டு வண்டிய எடுத்தேன்.

காந்திபுரத்துல ஒரு கடை. ஒரு பொண்ணு வந்து, "வாங்க சார், எப்படிப் பாக்கறீங்க?"ன்னு கேட்டுச்சு.

"போன்ல சொருகிக் கேக்கற மாதிரி, இருக்கறதுலயே தரமானதா ஒண்ணு காட்டும்மிணி."

ரெண்டு எடுத்து வெச்சுது. மொத ஹெட்போனைக் காட்டி, "இது போன்லயே நல்லாப் பாடுமுங்க சார்"ன்னு சொல்லுச்சு.

கையில வாங்கிப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்துது. எங்க தொழில்ல மோட்டாரை மொதல்ல தூக்கித்தான் பார்ப்போம். கனமா இருந்தா உள்ள செம்பு தாராளமா இருக்குதுன்னு அர்த்தம். இதுல என்ன இருக்கப் போகுதுன்னு ஓரமா வெச்சுட்டேன்.

ரெண்டாவது நல்ல கனம். பின்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்துது. மோட்டாருக்கும் மூடில இப்படித்தான் ஓட்டை விடுவாங்க, உள்ள சூடு ஏறாம இருக்க. எனக்கு அப்பவே புடிச்சுப் போச்சு.

இருந்தாலும் சோதிக்காம வாங்குவனா? பையில இருந்து மீட்டரை எடுத்தேன். சில பேரு எங்க போனாலும் கூலிங் கிளாஸ் கொண்டு போவாங்க இல்லீங்களா, நான் மீட்டர் கொண்டு போவேன்.

ரெண்டு ஹெட்போனோட பின்னுலயும் மீட்டர் முள்ளை வெச்சு, கரண்டை எவ்வளவு தடுக்குதுன்னு பார்த்தேன். லேசா இருந்தது முப்பத்தி சொச்சம் ஓம் காட்டுச்சு. கனமா இருந்தது முன்னூறு.

"சார், அது பெட்டி மேலயே போட்டிருக்குதுங்க"ன்னு அந்தப் பொண்ணு மெதுவாச் சொல்லுச்சு.

"போட்டிருப்பாங்க. நாங்க அளந்து பார்த்துத்தான் நம்புவோம்."

மோட்டாருல கரண்டு வெளிய கசியுதான்னு இன்சுலேஷன் பார்க்கறப்ப ஓம் எவ்வளவு ஏறுதோ அவ்வளவு நல்லது. ஏறலைன்னா மோட்டார் போச்சு. அந்தக் கணக்கைக் கொண்டு வந்து காயிலுக்குப் போட்டேன். வேற எவனாச்சும் இப்படிச் செஞ்சிருந்தா, எங்க வைண்டர்ஸ் வாட்சப் குரூப்புல ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

"சார், முன்னூறு ஓமை போன் தள்ளாதுங்க. தனியா ஆம்ப்ளிஃபையர் வேணுமுங்க."

"இருக்கட்டும்மிணி."

"போனுக்கு மொதல்ல காட்டினதே நல்லா இருக்குமுங்க சார்."

"நான் இந்த லைன்ல இருவத்திரண்டு வருஷமா இருக்கறவன்."

"சரிங்க சார். உங்க விருப்பமுங்க."

எங்க ஊருல இது ஒரு வியாதி. நேருக்கு நேரா ஒருத்தரைப் பார்த்துத் தப்புன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது. 'உங்க விருப்பமுங்க'ன்னா, 'எக்கேடோ கெட்டுப் போங்க'ன்னு மரியாதையாச் சொல்றதுன்னு வெச்சுக்கலாம்.

கடைசியா ஒரு சின்னக் கறுப்புப் பெட்டில அதைச் சொருகி என் காதுல மாட்டிவிட்டுச்சு. தவில் சத்தம் நெஞ்சுக்குள்ள எறங்குச்சு. சொக்கிப் போயிட்டேன். எதிர்ல அந்தப் பொண்ணு பெட்டியக் காட்டி என்னமோ வாயசைச்சுது. காதுல தவிலு. நான் தலைய மட்டும் ஆட்டிட்டு, பில்லைப் போடச் சொல்லிட்டேன்.

ஊட்டுக்கு வந்தா போன்ல பின்னு சொருகற ஓட்டையே இல்ல. மறுபடி போயி அதுக்கு ஒரு துண்டு ஒயர் வாங்கிட்டு வர்றப்ப மணி மூணு.

சுமதிக்கு மாட்டிவிட்டு, வால்யூமை முழுசா ஏத்திட்டு, மொகத்தையே பார்த்துட்டு நின்னேன்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க. யாரோ அடுத்த வீதில பாடற மாதிரி."

"தரமான ஹெட்போன் அப்படித்தான். கத்தாது. ரெண்டு நாள் காது பழகோணும்." இதை நான் எங்க படிச்சேன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க.

"உங்க லேத்துச் சத்தம் மட்டும் நல்லாத் தெளிவாக் கேக்குதுங்க"ன்னா. அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

நாலு நாள் ஆச்சு. சுமதி கண்ணை இறுக்கி மூடிட்டு, ஹெட்போனை ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுட்டு உக்கார்ந்திருந்தா. நானும் ஒருக்கா மாட்டிப் பார்த்தேன். எனக்கு அடுத்த வீதியும் கேக்கல.

அரங்கேற்றத்துக்குப் பத்து நாள்தான் பாக்கி. நான் அளந்து வாங்கின சாமான்ல குறை இருக்காது. அப்பக் குறை வேற எங்க இருக்கும்?

"அம்மணி, உன் காதுல அழுக்கு கிழுக்கு அடைச்சிருக்குமோ? டாக்டர்கிட்ட ஒருக்காக் காட்டிரலாமா?"

கோவிச்சுக்குவான்னு நெனச்சேன். "சரிங்க, போலாமுங்க. ஆனா நீங்களும் உள்ள வரோணும்"னு மட்டும் சொன்னா.

காது டாக்டர் சோதிச்சுப் பார்த்துட்டு, "அம்மணிக்கு ஒரு குறையும் இல்லீங்க. அடுத்த ரூம்ல குண்டூசி விழுந்தாலும் கேக்கும்"னாரு.

"அப்படியே இவரையும் ஒருக்காப் பார்த்துருங்க டாக்டர். வந்தது வந்தாச்சு"ன்னா சுமதி.

டாக்டரு கூப்புட்டு உக்கார வெச்சுட்டார், மரியாதைக்காக உக்கார்ந்தேன். பார்த்துட்டு, "கீச்சுன்னு வர்ற சத்தம் பாதி உங்களுக்குக் கேக்கலீங்க. பட்டறைச் சத்தந்தான். இனிமே வேலை செய்யறப்ப காதுக்கு மூடி மாட்டுங்க, இதுக்கு மேல போகாமப் பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டார்.

போனது அவ காதுக்கு. சீட்டு எழுதினது என் பேருக்கு.

வெளிய வந்ததும் கடைக்குப் போன் போட்டேன். அந்தப் பொண்ணுதான் எடுத்துச்சு. "ஏனும்மிணி, கடையில அந்தப் பாடு பாடுச்சு, ஊட்டுல முனகுதே?"

"கடையில அந்தக் கறுப்புப் பெட்டில போட்டிருந்தோமுங்க சார். அதுதானுங்க ஆம்ப்ளிஃபையர்."

நான் டாக்டர் சீட்டை நாலா மடிச்சுப் பையில போட்டேன்.

"நேரா போன்ல போடறதுக்கு ஓம் கம்மியா, கொஞ்சம் கரண்டுலயே நல்லாச் சத்தம் வர்றதாப் பார்க்கோணுமுங்க. பட்டறைப் பக்கம்னா பின்னாடி மூடினதாப் பார்க்கோணுமுங்க. எடுத்துட்டு வாங்க சார், மாத்திக் குடுக்கறோமுங்க."

நல்ல புத்தி இருந்தா மாத்தியிருக்கலாம். ஆனா அந்தப் பொண்ணு மொகத்துல முழிக்கோணுமே. அதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையரே கொண்டு வந்துடலாம்னு தோணுச்சு.

சுமதியோட தம்பி செந்தில் கோபிசெட்டிபாளையத்துல மைக் செட்டு வாடகைக்கு உடறான். கோயில் விசேஷம், காதுகுத்துன்னா அவன் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவாங்க.

"மாப்ள, ஒரு ஆம்ப்ளிஃபையர் வேணும்."

"எத்தனை குழாய்க்குங்க மாமா?"

"குழாய் வேண்டாம். ஒரு ஹெட்போனுக்கு."

ரெண்டு தடவை திருப்பிக் கேட்டான். அப்பறம், "சரிங்க மாமா. உங்க விருப்பமுங்க"ன்னான்.

மறுநாள் மத்தியானம் ஆம்னி வண்டில வந்து எறங்கினான். ஆம்ப்ளிஃபையரைத் தூக்கறதுக்கு ரெண்டு பேரு வேண்டியிருந்துது. அந்தக் கனத்தைப் பார்த்ததும் எனக்கு மறுபடி நம்பிக்கை வந்துருச்சு.

பின்கட்டு மேசைல வெச்சான். சுமதி போனை ஆம்ப்ளிஃபையருக்கு ஒயர் போட்டுக் குடுத்தான். ஹெட்போன் பின்னுக்கு ஏதோ மாத்துக்கட்டை போட்டுச் சொருகினான். ஆம்ப்ளிஃபையர் நல்லாருக்குதான்னு பார்க்க ஒரு மைக்கையும் மாட்டி, வீதில நின்ன வண்டி மேல இருக்கற குழாய்க்கு நீளமா ஒரு ஒயர் இழுத்து, "ஹலோ, ஹலோ"ன்னு சொல்லிப் பார்த்தான்.

"பிரமாதமுங்க மாமா."

ரெண்டு பேரும் டீ குடிக்கப் போயிட்டோம். மைக்கு மேசை மேலயே கெடந்துது. குழாய் ஒயரை எவனும் புடுங்கல.

டீக்கடைல நாச்சிமுத்து அண்ணன் உக்கார்ந்திருந்தார். கோபிப் பக்கத்துல வாழைத் தோட்டம். கெணத்து மோட்டார் எரிஞ்சு போயி எங்கிட்டக் குடுத்திருந்தார், அன்னைக்கு வாங்கிட்டுப் போக வந்திருந்தார். "கவலையே படாதீங்கண்ணா, மீட்டர் வெச்சுப் பக்காவாப் பார்த்துட்டேன்"னு நான் சொல்லிட்டு இருக்கறப்பத்தான் குழாய்ல பாட்டு கெளம்புச்சு.

ஆசிரியர் குரலும் வருது, கூடவே சுமதி குரலும் வருது. ஒரு எடத்துலயும் தடுமாறல. வீதியே நின்னு கேக்குது.

"ஆருங்க தம்பி பாடறது?"ன்னாரு நாச்சிமுத்து அண்ணன்.

"எங்க ஊட்டுலதானுங்க"ன்னேன். நெஞ்சு அப்படியே நிமிர்ந்துருச்சு.

பாட்டு சட்டுன்னு நின்னுச்சு. குழாய்லயே போன் அடிச்சுது. வெள்ளகோவில்ல இருக்கற சுமதியோட அக்கா. காதுல ஹெட்போன், வெளிய பட்டறைப் பையன் ஓட்டற லேத்து. நாலு வீதிக்குக் கேக்குதுன்னு சுமதிக்குத் தெரியல.

"ஏங் கண்ணு, பாட்டு வந்துருச்சா?" இது குழாய்ல அக்கா.

"அது போன வாரமே வந்துருச்சுங்கக்கா. பழைய போனுக்கு ஓசில குடுத்த ஒயரு ஒண்ணு டப்பாவுல கெடந்துது. அதை அவரு வாங்கின துண்டு ஒயர்ல மாட்டி, காதுல சொருகித்தான் கத்துக்கிட்டேன்."

"உங்கூட்டுக்காரர் என்னமோ பெரிய ஹெட்போன் வாங்கினாருன்னியே?"

"அதுல ஒண்ணுமே கேக்கலீங்கக்கா. கடைல மீட்டர் வெச்சு அளந்தாராம். முன்னூறு காட்டுச்சாம், அதனால வாங்கிட்டாராம். ஆசையா வாங்கிட்டு வந்த மனுசன்கிட்ட எப்படிங்கக்கா சொல்றது?"

டீக்கடைல யாரும் சிரிக்கல. அதுதான் கொடுமை. எல்லாரும் மரியாதையா டம்ளரைப் பார்த்துட்டு இருந்தாங்க. நாச்சிமுத்து அண்ணன் மட்டும் டம்ளரைக் கீழ வெச்சார்.

"ஏனுங்க தம்பி. என்ற மோட்டாருக்கும் அதே மீட்டருதானுங்களா?"

பதில் சொல்ல நிக்காம ஓட ஆரம்பிச்சேன். பாதி வழி வந்திருப்பேன், அக்கா அடுத்த கேள்வியக் கேட்டுட்டாங்க.

"அப்பறம் எதுக்குக் காது டாக்டருகிட்டப் போனே?"

"அவரு காதைக் காட்டறதுக்குத்தானுங்கக்கா. ரெண்டு வருஷமா நான் கூப்புட்டாத் திரும்பறதில்ல. காட்டுங்கன்னா சண்டைக்கு வருவாரு. அன்னைக்கு அவரே வந்து என் காதைக் காட்டலாம்னாரு. இதை உட்டா அவரைப் புடிக்க முடியுங்களா? ரோட்டுல பின்னால லாரி வந்தாக்கூட அவருக்குத் தெரியறதில்ல. எனக்குப் பயமா இருக்குதுங்கக்கா."

நான் ஓடறதை நிறுத்திட்டேன். நடு வீதில அப்படியே நின்னுட்டேன். பாட்டுக்குத்தான் பயப்படறான்னு நெனச்சுட்டு இருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் வந்து, "எத்தனை தடவைங்க ஆரன் அடிக்கறது?"ன்னு கேட்டார்.

உள்ள போயி குழாய் ஒயரைப் புடுங்கினேன். சுமதி ஹெட்போனைக் கழட்டிட்டு, "இப்ப நல்லாப் பாடுதுங்க. நீங்க வாங்கினது நல்ல ஹெட்போன்தானுங்க"ன்னா.

"சரி அம்மணி"ன்னேன். வீதிக்கே கேட்டுதுன்னு நான் சொல்லல. பக்கத்து ஊட்டம்மா சாயங்காலம் வந்து சொல்லிட்டாங்க.

நாச்சிமுத்து அண்ணன் மோட்டாரை அவரு கண்ணு முன்னாலயே மூணு தடவை அளந்து காட்டினேன். "நீங்க சொன்னாச் சரிதானுங்க தம்பி"ன்னு சொல்லிட்டு, ஊருக்குப் போயி வேற ஆளை வெச்சு நாலாவது தடவை அளந்தாராம். மோட்டார் இன்னைக்கு வரைக்கும் நல்லா ஓடுது.

வெள்ளகோவில்ல சுமதி ஒரு எடத்துலயும் பிசகாமப் பாடினா. மொத்த வட்டமும் ஒரே அடியா ஆடுச்சு. நான் குழாய்க்குக் கீழயே நின்னு கேட்டேன்.

டாக்டர் மூடி மாட்டச் சொன்னாரில்லீங்களா, அதுக்காச்சும் ஆகட்டும்னு இப்ப லேத்துல நிக்கறப்ப அந்த முன்னூறு ஓமைத்தான் காதுல மாட்டிப் பார்த்தேன். லேத்துச் சத்தம் அந்த ஓட்டை வழியா அப்படியே உள்ள வருது.

காதுக்குக் காத்தோட்டம் மட்டும் பிரமாதமுங்க.