ஜப்பான் வழியனுப்பு விழாவை நிறுத்துவது குறித்து

தூத்துக்குடி,
9-8-1976.

பெருமதிப்பிற்குரிய அத்தான் வீரபாகு அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் பிச்சையா பணிவுடன் எழுதுவது.

இங்கே நானும் தங்கள் தங்கை சண்முகவடிவும் உடம்பளவில் சுகம். உடன்குடியில் தாங்களும் முத்துக்கனி அக்காளும் கருப்பட்டிக் கடையும் சுகமென்று நம்புகிறேன். என் கல்யாணத்தில் என்னோடு படித்தவர்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளியது தாங்கள்தான் என்பதை இத்தனை வருடமாக எந்தக் கடிதத்திலும் நான் குறிப்பிட்டதில்லை, இதிலும் குறிப்பிடப்போவதில்லை.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்காகத் தாங்கள் ஏற்பாடு செய்திருக்கும் வழியனுப்பு விழாவை நிறுத்திவிட வேண்டும். நான் ஜப்பானுக்குப் போகவில்லை.

மீன்வளம் படிக்கிற ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவர்கள் நம் கடலில் முத்துச்சிப்பி விளையும் பார்களைப் பார்க்கப் பயிற்சிக் கப்பலில் வந்ததும், எஞ்சின் பழுதாகிக் கப்பல் இங்கேயே கிடந்ததும் தாங்கள் அறிந்ததே. கப்பல் நின்றாலும் பாடம் நிற்கக்கூடாது என்று அவர்களுடைய பேராசிரியர் மோரிதா எங்கள் கல்லூரி மாடியில் ஆங்கில வகுப்புக்கு இடம் கேட்டார். வாசித்துக் காட்ட ஒருவர், இலக்கணம் விளக்க ஒருவர் என்று இரண்டு ஆசிரியர் வேண்டும், முடிவில் ஒருவரைத் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வருடம் அழைத்துப்போவோம் என்றார். எம்.ஏ. முதல் வகுப்பு, என்னை விட்டால் யார் என்று நினைத்துத்தான் தங்களுக்கு அன்றைக்கே எழுதினேன். ஆனால் எங்கள் முதல்வர் தேவபிரசாதம், எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தவர், என்னைக் கூப்பிட்டு, “நீரு இலக்கணத்தப் பாரும்வே. வாசிக்கதுக்கு ஒரு வெள்ளைக்காரர் கிடைச்சிருக்காரு. வெள்ளத் தோலு ஒண்ணு முன்னால நின்னாத்தான் எடுபடும்” என்றார்.

அவர் பெயர் ஹால்வர்சன். துறைமுகத்தில் மண் அள்ளும் கப்பலில் வேலை முடிந்து, ஊருக்குப் போகக் காத்திருந்தவர். வாத்தியார் வேலையே பார்த்ததில்லை. அவர் ஒரு வரி வாசித்தால் மாணவர்கள் மொத்தமும் சேர்ந்து மாடி அதிரத் திருப்பிச் சொல்வார்கள். என் முறை வந்தால் பேச்சுமூச்சு இருக்காது. எழுதுவார்கள், தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்டேனோ, ஏழெட்டுப் பேர் கூடித் தங்கள் மொழியில் குசுகுசுவென்று பேசி, சம்பந்தம் பேசி முடித்தவர்களைப் போல ஒருவனை எழுப்பி விடுவார்கள். அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் என் மனசு ஆறவில்லை. பற்றாததற்கு, என் பாட நேரத்திலும் ஹால்வர்சன் கடைசி வரிசையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டே இருப்பார். என் தப்பைப் பொறுக்குகிறார் என்று நினைத்தேன். எல்லாம் அந்த வாயில் இருக்கிறது என்று முடிவு கட்டி, வீட்டில் கொட்டைப்பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவரைப் போலப் பேசிப் பழக ஆரம்பித்தேன்.

“என்ன, பல்லு வலிக்கா? கிராம்பு தரட்டா?” என்று உங்கள் சண்முகவடிவு அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

“இது லண்டன் உச்சரிப்பு.”

“லண்டன்ல எல்லாருக்குமா பல்லு வலிக்கி?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்பவே நிறுத்தியிருக்கலாம், அத்தான். நிறுத்தலை.

நேற்று முன்தினம் கடைசி வகுப்பு. மோரிதாவும் முதல்வரும் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் எழுந்து, ஹால்வர்சனைக் கைகாட்டி மாணவர்களிடம் சொன்னேன்: “இத்தனை நாளும் நான் பேசியது இந்திய ஆங்கிலம். அதை மறந்துவிடுங்கள். ஆங்கிலம் இவரைப் போல அதிலேயே பிறந்தவர்களுக்குத்தான் சொந்தம். இன்று இவரைப் போலவே நடத்துகிறேன்.” சொல்லிவிட்டு, பாக்கில்லாமலே கன்னத்தை உப்பிக்கொண்டு ஒரு பக்கம் வாசித்தேன். ஒருவனும் திருப்பிச் சொல்லவில்லை. எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள். ஹால்வர்சன்தான் பதறி எழுந்தார்.

“மிஸ்டர் பிச்சையா, உடம்புக்கு என்ன? ஏன் என்னைப் போலப் பேசுகிறீர்கள்? நான் நார்வேக்காரன். என் ஆங்கிலம் முப்பது வயதுக்கு மேல் கப்பலில் பொறுக்கியது. அதைத் திருத்திக்கொள்ளத்தானே தினமும் உங்கள் பாடத்துக்கு உட்கார்ந்தேன்!”

நான் முதல்வரைப் பார்த்தேன். அந்த மனுசன் கூசவே இல்லை. “மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டாருவே. வெளிய சொல்லாண்டாம்னு நாந்தான் சொன்னேன். நீரு இப்பிடி வேசங்கட்டுவீர்னு யாரு கண்டா?” என்கிறார்.

மோரிதா எழுந்து குனிந்து வணங்கினார். “எங்கள் மாணவர்களும் ஆங்கிலத்தில் பிறந்தவர்கள் இல்லை. அவர்களைப் போலவே பாடுபட்டுக் கற்றவர்தான் வேண்டுமென்று நேற்று உங்களைத் தீர்மானித்திருந்தேன். அப்படிப்பட்டவரை நம்ப வேண்டாம் என்று இன்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்” என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஓனோ என்று ஒரு பையன், ஒருநாளும் வாய் திறக்காதவன், யாரையும் கலக்காமல் தானாகவே எழுந்தான். “ஐயா, நீங்கள் சொல்லித்தந்து நாங்கள் எழுதிவைத்ததை எல்லாம் அழித்துவிடவா?” என்று கேட்டான். கேலியில்லை அத்தான், கையில் அழிரப்பரோடு நின்றான். படியிறங்கி வந்துவிட்டேன். அவன் என்ன செய்தானோ தெரியாது. மற்றவர்கள் செய்ததை எல்லாம் ஆயுசு முழுக்க மனசில் வைத்துக்கொண்டிருந்தவன் நான். இதை யார் தலையில் போட? நானே சொன்னது.

ஆகவே தயவுசெய்து பந்தலைப் பிரித்துவிடுங்கள். மாலைக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேட்கிறவர்களிடம் எனக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளாது என்று சொல்லலாம். தூத்துக்குடியில் இருந்துகொண்டு அதை எப்படிச் சொல்வதென்று தாங்களே யோசியுங்கள். அக்காளுக்கு என் வணக்கம். அவள் கும்பிடுகிற குலசை அம்மன் தங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிவுடன்,
பிச்சையா.

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் ஹால்வர்சன் வீட்டுக்கு வந்தார். சண்முகவடிவு வைத்த பணியாரத்தைத் தின்றுவிட்டு, தனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்தவர்களிலேயே சிறந்த ஆசிரியர் நான்தான் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே நார்வே என்று எழுதப் போனார். இடம் போதாது என்று கையைப் பிடித்துவிட்டேன். ஆகவே விழாவை நிறுத்த வேண்டாம். வெள்ளைக்காரருக்கே ஆங்கிலம் கற்பித்தவருக்குப் பாராட்டு என்று மட்டும் மாற்றிவிடுங்கள். அவர் எந்த ஊர்க்காரர் என்று யாராவது கேட்டால், சீமை என்று சொன்னால் போதும்.