மடியில் கனம்

கோல்மன் மேனியன் இனி எதற்கும் அஞ்சுவதில்லை என்று முடிவெடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நடமாடும் நூலக வண்டியில் அவருக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. நல்லதை நினை, நடக்கும் என்று முழுசாய் நம்பு, நடந்துவிடும் என்று அதில் இருநூறு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். தினமும் ஓட்ஸ் கஞ்சி குடித்ததும் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி நினைத்தார். மனுஷன் கடல் பயத்தைத் துரத்துகிறார் என்று மனைவி டெலியா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் நினைத்ததோ புயலை.

மகள் கிளீனாவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை எதிரே தெரியும் தீவுக்காரன். தீவுக் கோயிலில்தான் சடங்கு, நாற்பது நிமிஷப் படகுப் பயணம். புயலடித்தால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் கல்யாணத்தை இந்தக் கரையிலேயே முடித்துக்கொள்ளலாம். மகளின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒன்பது வயதில் அப்பாவோடு போன ஓடம் கவிழ்ந்து, அதைக் கட்டிப்பிடித்தபடி ஒரு மணி நேரம் தண்ணீரில் கிடந்தவர் அவர். கடலோரத்திலேயே குடியிருந்தும் நாற்பத்தெட்டு வருஷமாகப் படகில் கால் வைத்ததில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை, ஊரில் யாரும் சிரித்ததுமில்லை. கிளீனாகூட, "முடியலேன்னா விடுங்கப்பா, சித்தப்பா கூட்டிட்டுப் போவார்" என்றுதான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் டெலியா குழந்தை இயேசு சொரூபத்தை வாசல் வேலியடியில் கொண்டுபோய் வைத்தாள். கல்யாணத்துக்கு முதல்நாள் அவரை வெளியே வைத்தால் மறுநாள் மழை வராது. அந்தப் பக்கத்துப் பெண்கள் வேறு எதை நம்பாவிட்டாலும் இதை நம்புவார்கள். கோல்மனுக்குத் திக்கென்றது. புத்தகத்தில் இதற்கு மாற்று எதுவும் சொல்லவில்லை. அவள் முடி திருத்தப் போன நேரம் பார்த்து, சொரூபத்தைத் துண்டில் சுற்றி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, கரிக் கொட்டகைக்குள் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை கடல் தட்டில் ஊற்றிய பால்போலக் கிடந்தது. கிளீனா எட்டு மணிப் படகில் தோழிகளோடு போனாள். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"கொட்டகையில குழந்தை இயேசுவுக்குக் குளிருதான்னு பாத்துட்டு வந்தேன்" என்றாள் டெலியா.

"காத்துல விழுந்து உடைஞ்சுடுமேன்னு..."

"எந்தக் காத்து? மூணு வாரமா கண்ணை மூடிக் கூப்பிட்டீங்களே, அந்தக் காத்தா?"

கோல்மன் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தார். "என்னால முடியல டெலியா. நினைச்சாலே கை நடுங்குது."

"சரி, வர வேண்டாம். கேக்கையாவது படகு வரைக்கும் தூக்கிட்டு வாங்க. மூணு அடுக்கு, என்னால ஆகாது. கோட்டைப் போட்டுக்குங்க, ஊர் பாக்கும்."

சண்டை இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் அவருக்கு நிம்மதி. துறையில் டெலியா முதலில் படகில் ஏறிக்கொண்டாள். படகுக்காரர் ஃபெஸ்டஸ் கையெல்லாம் கிரீஸ் என்று கேக் பெட்டியை வாங்க மறுத்துவிட்டார். கட்டிக்கிடக்கும் படகு, ஒரே எட்டு. கோல்மன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டு வைத்தார்.

"கீழ வெச்சா சரிஞ்சிடும்ணே. கயித்தைப் பாத்துட்டு வர்றேன், மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க" என்றார் ஃபெஸ்டஸ். கயிற்றைப் பார்த்தார், அவிழ்த்தும் விட்டார்.

எழுந்தால் கேக் போய்விடும். ஈஸ்டரிலிருந்து டெலியா வாராவாரம் விஸ்கி ஊற்றி வளர்த்த கேக். கோல்மன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விழாது, விழாது, விழவிடமாட்டேன் என்று முணுமுணுத்தார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவருக்கு அன்றைக்கு மடியில் கனமிருந்ததால்தான் வழியில் பயம் அடங்கியது. முழுசாய்ப் போய்விடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, ஆனால் அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. பாதி வழியில் தலை நிமிர்ந்து கடலைப் பார்த்தார். அது பெரிதாகத்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகும் தான் உயிரோடு இருப்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

தீவுத் துறையில் வெள்ளை உடுப்போடும் மழைக்காலப் பூட்ஸோடும் நின்ற கிளீனா, அப்பாவைக் கண்டதும் அழுதாள். அவள் கையைப் பிடித்து அவரே கோயிலுக்குள் கூட்டிப்போனார்.

விருந்துக் கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் கோல்மன் நினைப்பின் வலிமையைப் பற்றி ஆள் ஆளாகப் பிடித்துச் சொன்னார். கூடத்துக்குள் நுழைந்தால் நடு மேசையில் மூன்று அடுக்குக் கேக் கம்பீரமாக நிற்கிறது. அவர் சுமந்து வந்த பெட்டி கட்டு அவிழாமல் மூலையில் கிடக்கிறது. அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே உருளைக்கிழங்கு.

"கேக் வியாழக்கிழமையே வந்துடுச்சுங்க" என்றாள் பின்னால் வந்த டெலியா.

"அப்ப என்மேல உனக்கு நம்பிக்கையே இல்லையா?"

அவள் அவருடைய கோட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "நீங்க கடலைத் தாண்டுவீங்கன்னு முழு நம்பிக்கை இருந்துச்சு. கேக்கை உங்க கையில குடுக்கற அளவுக்கு இல்ல."