சுவெட்டர் அண்ணன் ஓடிப்போகப் பழகிய கதை

காதலித்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போனவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். அதற்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர், எனக்குத் தெரிந்து, சுவெட்டர் அண்ணன் ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில் குடியிருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த சமயம். மலாக்கா டவுனில், காஜா பேராங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தோம். நான் ரப்பர் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் பஸ்ஸில் டிக்கெட் செக்கர். எதிரே சைக்கிள் கடை. கடைக்காரர் மகள் புஷ்பம், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணனுக்கும் புஷ்பத்துக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் கடைக்காரர் சத்தம் போட்டால் ஊர்க்கோடித் தெங்கேரா வரை கேட்கும். அவரிடம் போய்ப் பெண் கேட்பதாவது! ஓடிப்போவதுதான் என்று அண்ணன் முடிவு கட்டினார்.

"எங்க போவீங்க?" என்றேன்.

"கேமரன் மலைக்கு. எங்க மாமா தேயிலைத் தோட்டத்துல இருக்காரு. அங்க முருகன் கோயில்ல தாலி கட்டிடுவேன்."

"மலைக்குத்தான் பஸ் போகுதே."

"பஸ்காரன் பூரா நமக்குத் தெரிஞ்சவன் லா. காட்டிக் குடுத்துருவான். நடந்துதான் ஏறணும்."

"பக்கத்து ஊரு தம்பின்ல கோயில் இல்லையா அண்ணே? ஜொகூர்ல இல்லையா?"

"கிராணி, யோசிச்சுப் பேசு. சமதரையில ஓடுனா மாமனார் சைக்கிள்ல வந்து பிடிச்சிருவாரு. மலையில சைக்கிள் ஏறாது."

காட்டில் கம்யூனிஸ்டுகளும் பட்டாளமும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருப்பதை நினைவூட்டினேன். "நம்மகிட்ட அவங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டார்.

முதலில் சுவெட்டர் வந்தது. எந்த வெள்ளைக்காரச் சிப்பாயோ போட்டுக் கழித்தது, முழங்கை கிழிந்தது. மலாக்கா வெயிலில் அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். கம்பளி உடம்புக்குப் பழக வேண்டுமாம். துவைத்தால் அதிலுள்ள சூடு போய்விடுமாம். ஆகவே அதன் வாடைக்குப் பழகும் பொறுப்பு எனக்கு வந்தது.

அடுத்தது குளிர். தெங்கேராப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. அதன் சீன முதலாளியான தவுக்கேயைக் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஐஸ்கட்டி அடுக்கும் அறையில் உட்கார அனுமதி வாங்கினார். பேச்சுத் துணைக்கு என்னையும் இழுத்துப் போனார். அவருக்குச் சுவெட்டர் இருந்தது. எனக்குப் பனியன்தான்.

"எப்படி இருக்கு கிராணி?"

"பல்லு தானா ஆடுது அண்ணே."

"நல்லது. பழகுது."

மறுநாள் எனக்குக் காய்ச்சல். அண்ணன் லீவு போட்டுவிட்டுக் கஞ்சி வைத்து ஊட்டினார். ஊட்டிக்கொண்டே, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்டார்.

உயரத்தில் காற்று மெல்லிசாக இருக்கும் என்று யாரோ புண்ணியவான் சொல்லிவைத்தான். அன்றிலிருந்து மூச்சடக்கும் பயிற்சி. நான் ஏதாவது கேட்டால் கன்னத்தை உப்பிக்கொண்டு கையை மட்டும் ஆட்டுவார். குருபோங் பஸ்ஸில் டிக்கெட் பார்த்துக்கொண்டே மூச்சை அடக்கி, கண் இருண்டு, ஒரு சீன அம்மாளின் கீரைக்கூடைமேல் விழுந்தார். அந்த அம்மாள் ஹொக்கியன் சீனத்தில் திட்டியது அவருக்குப் புரியாதது நல்லதாயிற்று.

வழியில் புஷ்பத்துக்குக் கால் வலித்தால் தூக்க வேண்டுமே. "நீ அவ எடைதான் இருப்ப" என்று என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு புக்கிட் சீனா குன்றில், சீனர் கல்லறைகளுக்கு நடுவே ஏறினார். கும்பிட வந்த ஒரு குடும்பம் ஊதுபத்தியும் கையுமாக நின்று எங்களைப் பார்த்தது. காலை நடைக்கு வந்த எங்கள் ஆபீஸ் பெரிய கிராணியும் பார்த்தார்.

"என்னப்பா, கால்ல அடியா?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். அந்த வாரம் முழுவதும் ஆபீஸில் நொண்டினேன்.

இவ்வளவு ரகசியமாக நடந்த ஏற்பாடு எப்படி வெளியே தெரிந்தது என்று அண்ணனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஒருநாள் நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன். கடைக்காரர் பம்பைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஒங்க அண்ணன் எம் பொண்ணக் கூட்டிட்டு எப்ப ஓடுறாரு?"

நான் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தேன்.

"தெருவே பேசுது. அத விடுங்க. மேல ரொம்பக் குளிரா?"

"ஆமாங்க."

"சின்னதுல அவளுக்கு இளைப்பு. மழை பேஞ்சா மூச்சு விட முடியாது. மடியில வச்சு முதுகு தடவிக்கிட்டே இருப்பேன். அவ ஆத்தா போனப்புறம் நான்தானே." பக்கத்தில் நின்ற எனக்கே அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. "மலையெல்லாம் வேணாம்னு சொல்லுங்க. வீட்டுக்கு வந்து பொண்ணு கேக்கச் சொல்லுங்க."

மாடிக்கு ஓடினேன். அண்ணன் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். சொன்னேன். முடிச்சில் அவர் கை அப்படியே நின்றது. மூச்சடக்குகிறாரோ என்று பார்த்தேன். இல்லை.

"இளைப்பா? எங்கிட்ட அவ சொல்லவே இல்லையே." கயிறு கையிலிருந்து நழுவியது. "நான் பாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா, கிராணி..."

கயிற்றைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அன்று சாயங்காலமே சட்டை மாற்றிக்கொண்டு தெருவைக் கடந்து பெண் கேட்கப் போனார்.

இளைப்பைப் பற்றி அண்ணனிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று புஷ்பத்திடம் கேட்டேன்.

"சொன்னா இவரு பயிற்சிய நிறுத்திடுவாரு அண்ணே. எங்கப்பா சண்டைக்கு மசிய மாட்டாரு, பயந்தாத்தான் எறங்குவாரு. இவரு சுவெட்டரப் போட்டுக்கிட்டு நடமாட நடமாட, அப்பா பயந்துட்டாரு. ஒங்களுக்குக் காய்ச்சல் வந்ததுதான் எனக்குச் சங்கடமா போச்சு."

காஜா பேராங் கோயிலில் எல்லார் முன்னிலையிலும் கல்யாணம் நடந்தது. பிறகு மாமாவைப் பார்க்க இருவரும் மலைக்கு பஸ்ஸிலேயே போனார்கள். டாக்டரிடம் கேட்டு, மருந்தும் எடுத்துக்கொண்டுதான். புஷ்பத்துக்கு ஒரு தும்மல்கூட வரவில்லையாம். அண்ணன்தான் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, மேலே போய்த் தலைவலியோடு போர்வைக்குள் சுருண்டுவிட்டாராம்.

"பயிற்சி பத்தல, கிராணி" என்றார் திரும்பி வந்து.

செங் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அறை முழுவதும் எனக்கே. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் என்னை எங்கும் இழுத்துப் போகவில்லை, முதுகில் ஏற்றவில்லை. நான் இத்தனை நாளும் வேண்டிக்கொண்டது இதைத்தான். சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு ஞாயிறு, யாரும் கூப்பிடாமலே, செங்குக்கு பஸ் ஏறினேன்.