சாமையும் என் ஜோல்னாப் பையும்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் சிரித்தால்கூட, இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்று நினைக்கிற ஆள். இந்த லட்சணத்தில், விவசாயிகளையும் வியாபாரிகளையும் கூட்டுச் சேர்த்து வைக்கிற வேலைக்கு என்னை எடுத்தார்கள். (எடுத்தவர்கள் பிற்பாடு வருந்தினார்கள்.)

தொண்ணூற்றெட்டோ ஒன்பதோ இருக்கும். கொல்லிமலை வளப்பூர் நாட்டில் சாமை, தினையைக் கைவிட்டு எல்லோரும் மரவள்ளிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். மகளிர் குழுத் தலைவி வெள்ளையம்மாக்கா கறாராகச் சொல்லிவிட்டார்.

"சாமைய வாங்கறதுக்கு ஆளக் கொண்டாங்க சார். இல்லீன்னா அடுத்த பட்டத்துக்கு மரவள்ளிக் குச்சிதானுங்க நடுவோம்."

அலைந்து திரிந்து அடிவாரத்துத் தானிய மண்டி கரீம் பாயைப் பிடித்தேன். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி பஸ்ஸில் வந்து இறங்கினார். கூப்பிட்டதும் வந்ததே எனக்குச் சந்தேகம். போதாக்குறைக்கு அந்த வாரம்தான் ஒரு பயிற்சியில், நம் விதைகளை வெளியாட்கள் களவாடுகிறார்கள் என்று நாள் முழுக்கப் பேசியிருந்தார்கள்.

களத்தில் பேச்சு நல்லபடியாகத்தான் போனது. பாய் சாமையை அள்ளினார், ஊதினார், பல்லில் கடித்துப் பார்த்தார். பிறகு ஒரு பிடியைத் துண்டு முனையில் முடிந்துகொண்டார்.

"பாய், முடிச்சை அவிழுங்க!" என்று கத்தினேன்.

"மாதிரிங்க தம்பி. ஊட்ல ஆக்கிப் பாத்தாத்தான, எத்தன தண்ணி வெக்கோணும்னு வாங்கறவங்களுக்குச் சொல்ல முடியும்?"

"கேட்காம விதை எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு. யாரா இருந்தாலும் பையைக் கொட்டிக் காட்டிட்டுத்தான் போகணும்!" (பயிற்சியில் கைதட்டல் வாங்கிய வசனம்.)

பாயின் முகம் கறுத்துவிட்டது. முடிச்சை அவிழ்த்துச் சாமையைக் குவியலிலேயே போட்டுவிட்டு, செருப்பைத் தேடினார். ஆள் தேடி நான் அலைந்த ஆறு மாதமும் அந்தச் செருப்போடு கிளம்புவது எனக்கே புரிந்தது.

"நில்லுங்க பாய்," என்றார் அக்கா. என் பக்கம் திரும்பினார். "யாரா இருந்தாலும்னு சொன்னீங்களே சார். உங்க பையி?"

என் ஜோல்னாப் பையை அவரே கவிழ்த்தார். நான்கு காகித உறைகள் விழுந்தன. தலைமை அலுவலகத்தில் காட்டிப் பெயர் வாங்க, வீடு வீடாக டீ குடித்த சாக்கில் நான் அள்ளி வைத்திருந்த விதைகள். உறை ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பெயர் வேறு, என் முத்து முத்தான கையெழுத்தில்.

"ஏனுங்க, இது எங்கூட்டுத் தெனையில்லீங்களா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

முதலில் சிரித்தவர் கரீம் பாய். அப்புறம் களமே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா இரண்டு கையாலும் சாமையை அள்ளி, பாயின் துண்டில் தானே முடிந்துவிட்டார். அடுத்த வாரம் லாரி வந்தது. அடுத்த பட்டத்துக்கும் சாமையே விதைத்தார்கள். நான் பேசிப் பேசியும் சேராதவர்களை, என்மேல் வந்த சந்தேகம் ஒரே மதியத்தில் சேர்த்துவிட்டது.

களத்தோரப் பலா மரத்தில் என் பைக்கென்று ஓர் ஆணி அடித்தார்கள்; அதில் மாட்டிவிட்டுத்தான் இனி நான் யார் வீட்டுக்கும் டீ குடிக்கப் போகலாம். அந்தக் கதையை பாய் என் கல்யாணப் பந்தியில் அவிழ்த்துவிட்டார். இன்றைக்கும் மாமனார் வீட்டு வாசலை மிதித்ததும் மாமியார் குரல் வரும்: "மாப்ள, பைய ஆணியில மாட்டிட்டு உள்ள வாங்க."

மாட்டிவிட்டுத்தான் போகிறேன். கிளம்பும்போது நானும் ஒரு தடவை கொட்டிப் பார்த்துக்கொள்கிறேன். யாரையும் நம்ப முடியாது, என்னையும் சேர்த்துத்தான்.