ஏலியன் வந்தபோது உப்பை மூடியவர்

மரக்காணம்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா தையல்நாயகி அவர்களுக்கு,

மரக்காணம் உப்பளத்து மேஸ்திரி வெங்கடாசலம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு எழுதுவது. கிளியனூரில் தாங்களும் தம்பி பிரபுவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே நான், என் சம்சாரம் ஆராயி, பெண் சரண்யா மூன்று பேரும் போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே முக்கால் மணியிலிருந்து ரொம்ப நன்றாக இருக்கிறோம். அதற்கு முந்தின நான்கு மாதம் அவ்வளவு நன்றாக இல்லை. ஏன் என்று தங்களுக்கே தெரியும், நான் சொல்லிக்காட்டுவதாக நினைக்க வேண்டாம்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் போனில் தங்கள் குரல் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன், நின்றால் பேச்சு மறந்துவிடுகிறது. "ஹலோ" சொல்லிவிட்டு ஆராயி கையில் கொடுத்துவிடுகிறேன், அவள் மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறாள். எங்கள் நன்றியை இப்படியே வானிலை அறிக்கையாக முடித்துவிடக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

தாங்கள் பெண் பார்க்க வந்த நாளை என்னால் மறக்க முடியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, அவர்களாகவே பேசி முடித்துக்கொண்டு, அப்புறம்தான் நம்மிடம் சொன்னார்கள். அது தங்களுக்குப் பிடிக்கவில்லை, நியாயம்தான். ஆராயி கொடுத்த தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு "தண்ணி கரிக்குதே"ன்னு சொன்னீங்க. அப்புறம் வெடிப்பு விட்ட என் காலை ஒரு பார்வை பார்த்தீங்க. "யோசிச்சு சொல்றேன்"னு எழுந்து போனீங்க. போனவங்க போனவங்கதான். நாலு மாசமா சரண்யா வேலைக்குப் போய்ட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்குவா. "சாப்பிடும்மா"ன்னா, "பசிக்கலப்பா"ங்கும். இருபத்து நாலு வருஷத்துல அது பசிக்கலைன்னு சொல்லி நான் கேட்டதே இல்லை. தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்களா என்று நான் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது சாமி இல்லை, வேற்றுக்கிரகத்துக்காரர்கள். அதைத்தான் விவரமாக எழுத வந்தேன்.

போன வருடம் செப்டம்பரில், உப்பு சீசன் முடியப்போகிற சமயத்தில், எங்கள் அளத்தில் அந்தப் படத்தை எடுத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் பழைய ஒரு இங்கிலீஷ் நாவலாம், அதில் ஏலியன்கள் வந்து ஊரை எரிக்குமாம், அதை இப்போது கோடிக்கணக்கில் கொட்டித் தமிழில் எடுக்கிறார்களாம். வெள்ளையாக, சமமாக, கண்ணுக்கெட்டியவரை ஒரு மரம் இல்லாத இடம் எங்கே என்று இந்தியா முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில் ஈ.சி.ஆர் ஓரத்தில் எங்களைக் கண்டுபிடித்தார்கள். ஏலியனைப் பார்த்துப் பயந்து ஓடுகிற ஜனங்கள் வேண்டும் என்று எங்களில் நாற்பது பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஏலியன் எங்கே என்று கேட்டால், ஒரு கிரேனில் பச்சைத் துணி சுற்றிய பெரிய இரும்புக் கால் ஒன்று தொங்கியது, அதற்கு மேலே ஒரு மூங்கில் கழியில் டென்னிஸ் பந்து. மீதியைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொள்வார்களாம். சங்கீதா என்று ஒரு பெண், உதவி டைரக்டர், கையில் மைக்கை வைத்துக்கொண்டு, "அண்ணே, அக்கா, எல்லாரும் அந்தப் பந்தைப் பாருங்க, அதுதான் அதோட கண்ணு, அதைப் பார்த்துக் கதறிக்கிட்டு ரோட்டுப் பக்கம் ஓடுங்க"ன்னு சொல்லிக்கொடுத்துச்சு. எங்க ஆராயி ரொம்ப நேரம் பந்தை உத்துப் பார்த்துட்டு, "ஏம்மா, இதைப் பார்த்தா பயம் வரலையே, பாவமாத்தான் இருக்குது"ன்னு சொல்லிட்டா.

சரின்னு ஆரம்பிச்சாங்க. கறுப்புப் புகையை விட்டாங்க, ஆள் உயரத்துக்கு இருந்த ஃபேனைப் போட்டாங்க, வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு, அப்புறம் டேங்கர் லாரியிலேர்ந்து மழையைத் தெளிச்சாங்க. அங்கதாங்க வந்தது வினை. இருட்டி, காத்தடிச்சு, முகத்துல ரெண்டு தூறல் விழுந்தா உப்பளத்துக்காரன் என்ன செய்வான்? ரோட்டுக்கா ஓடுவான்? வருஷம் பூரா வெயிலில் வாரிக் குவிச்ச உப்பு அங்க திறந்து கிடக்குது. நாற்பது பேரும் ஏலியனை விட்டுட்டு உப்புக் குவியலுக்கு ஓடினோம். ஆளுக்கொரு கீற்றைத் தூக்கி மூடினோம். டைரக்டர் சார் "கட், கட்"டுன்னு கத்தறாரு, யார் காதுலயும் விழல. "பின்னால ஏலியன் வருதும்மா, உப்பை எதுக்கு மூடறீங்க?"ன்னு அவர் தலையில் கை வெச்சுக்கிட்டுக் கேட்டாரு. ஆராயி, "வந்த ஏலியன் போயிடும் சார், கரைஞ்ச உப்பு வருமா?"ன்னா. அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்துட்டாரு.

இரண்டாவது தடவையும் அதே கதை, மூன்றாவது தடவையும் அதே கதை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை சம்பந்தியம்மா, தூறல் பட்டால் கால் தானாகவே அந்தப் பக்கம் போய்விடுகிறது. நான்காவது தடவைக்கு முன்னால் சங்கீதா எங்களை வரிசையாக நிற்க வைத்து, "உப்புக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு, தயவுசெஞ்சு ரோட்டுக்கு ஓடுங்க"ன்னு கும்பிட்டுக் கேட்டுச்சு. எல்லோரும் மனசைக் கல்லாக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாங்க. பாதி தூரத்தில் ஒருத்தர் மட்டும் நின்னாரு. திரும்பினாரு. ஒரு கீற்றைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு, அந்த இரும்புக் காலுக்கு அடியிலேயே நுழைஞ்சு போய், உப்புக் குவியல் மேல ஏறி மூட ஆரம்பிச்சாரு. "கட்" சொல்ல வாயைத் திறந்த டைரக்டர் சார் திறந்த வாயோடு நின்னாராம். கேமரா பின்னாலேயே போச்சு. படத்தில் அந்த இடத்தில்தான் ஏலியன் ஒரு வெளிச்சத்தைப் பாய்ச்சி அந்த மனுஷனைச் சாம்பலாக்கிவிடுகிறது.

படம் வெளிவந்து, பிரபு தம்பி திண்டிவனத்தில் ஐந்து டிக்கெட் எடுத்துவிட்டுக் கூப்பிட்டபோது தாங்களும் வருவீர்கள் என்று நான் சத்தியமாக நினைக்கவில்லை. "படம் பார்க்கத்தான் வந்தேன், பேச வரல"ன்னு வாசல்லயே சொல்லிட்டு வரிசையோட அந்தக் கடைசியில் போய் உட்கார்ந்தீங்க. இந்தக் கடைசியில் நான். நடுவில் பிள்ளைகளும் ஆராயியும்.

அந்த சீன் வந்தது. பிரபு தம்பி இருட்டில் எட்டிப் பார்த்து, "மாமா, இதுல நீங்க எங்க?"ன்னு கேட்டாரு. "அதோ, கீற்றோட ஏறுறேனே, அது நான்தான்"னு சொன்னேன். அடுத்த நொடி தியேட்டரே அதிர ஒரு குரல்: "அடப் பாவி மனுஷா! இறங்குய்யா கீழ! உப்பு போனா போவுது!" நெஞ்சில் அடித்துக்கொண்டு எழுந்து நின்றது தாங்கள். முன் வரிசையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் சாம்பல் பறந்தது. தாங்கள் "ஐயோ"ன்னு அலறிட்டு, உடனே வரிசையைத் தாண்டி எட்டி, நான் சீட்டில் உசுரோட இருக்கேனான்னு பார்த்தீங்க. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அதுக்கப்புறமும் உங்க அழுகை நிக்கல.

எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது சம்பந்தியம்மா. எனக்காக இப்படி ஒருவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆராயி அழுதிருக்கிறாள், அது என்னால். எனக்காக இல்லை.

இடைவேளையில் தாங்களாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "எங்க வூட்டுக்காரரும் இப்படித்தாங்க. இடி இடிச்சா எல்லாரும் வூட்டுக்குள்ள ஓடியாருவாங்க, அவரு மட்டும் களத்துல கிடக்கற நெல்லை மூட ஓடுவாரு. போற வரைக்கும் அந்தப் புத்தி போகல"ன்னீங்க. கண்ணைத் துடைச்சிக்கிட்டு, "இப்படி ஒரு மனுஷன் வூட்டுப் பொண்ணுக்கு என்ன குறை? தை மாசம் வெச்சிக்கலாம்"னு சொன்னீங்க. மணி பதினொன்றே முக்கால். சரண்யா அன்று தியேட்டர் கேன்டீனில் நான்கு சமோசா சாப்பிட்டாள். ஆராயி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை, சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளவும்.

அந்த நாவலை எழுதின புண்ணியவான் எந்த நாட்டில் எந்தக் காலத்தில் இருந்தாரோ, அவருக்கு நன்றி. மழை தெளித்த டேங்கர் டிரைவருக்கு நன்றி. எல்லோரையும்விட தங்களுக்கு, எங்கள் மூன்று பேர் சார்பிலும் கோடி நன்றி. தங்கள் வீட்டில் விளக்கேற்ற வரும் என் பெண்ணைத் தங்கள் பெண்ணாகப் பார்த்துக்கொள்வீர்கள் என்று அந்த அழுகையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கள் குடும்பமும் களமும் மாடு கன்றும் நிறைந்து விளங்கட்டும். பிரபு தம்பிக்கு என் ஆசீர்வாதம்.

என்றும் நன்றி மறவாத,
மேஸ்திரி வெங்கடாசலம்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் சரண்யா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டது. கூடவே ஆராயிக்கும் வாய் திறந்துவிட்டது. "பொய் சொல்லி எனக்குக் கல்யாணம் வேணாம்பா, எழுது"ன்னு பொண்ணு எதிர்ல உட்கார்ந்திருக்குது. எழுதறேன். உப்புக்கு ஓடினது நாற்பது பேர் இல்லீங்க, முப்பத்தொன்பது பேர். அந்த இரும்புக் கால் கிரேனில் இருந்து முதல் தடவை இறங்கும்போதே எனக்குக் குலை நடுங்கிப் போச்சு. டைரக்டர் சொன்ன மாதிரியே கதறிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினவன் அந்தத் தடவை நான் ஒருத்தன்தான். கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் போய் நின்றேன், திரும்பி வரவில்லை. ஷூட்டிங்கில் அதுக்கப்புறம் நடந்ததாக மேலே எழுதியதெல்லாம் ஆராயி சாயங்காலம் வந்து சொன்னது. கீற்றோடு ஏறினவர் கீழாண்ட அளத்து சாலமன். தியேட்டரில் தம்பி கேட்டபோது, நீங்க அந்தக் கடைசியில் இருந்து பார்த்தீங்களா, வாய் தானா "அது நான்தான்"னு சொல்லிடுச்சு. நான் மழைக்கு உப்பை மூடுகிறவன்தான், ஏலியனுக்கு இல்லை. தங்கள் அழுகை சாலமனுக்குச் சேர வேண்டியது, நடுவில் எழுந்து போய் அவரிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டேன், அவரும் கண் கலங்கிவிட்டார். தை மாசத்தைப் பற்றித் தங்கள் இஷ்டம், ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன். ஒன்று மட்டும் விசாரித்துவிட்டேன்: சாலமனுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். பெண் எங்கள் வீட்டில்தான் இருக்குதுங்க.