நாகபுரி விமானம் எத்தனை மணிக்கு?

"தூரம் ஐநூத்தி அறுபது. வேகம் மணிக்கு நூத்தி அறுபத்தஞ்சு. எட்டு மணிக்குக் கிளம்பினா பதினொன்றரைக்கு மெட்ராஸ். முடிஞ்சுது கணக்கு!" கலியபெருமாள் பென்சிலைக் காதில் செருகினார்.

பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே நில அளவை ஆபீசில் வரைபடம் போடுகிறவர். முத்தியால்பேட்டையில் அவர் அளக்காத சந்து கிடையாது. இங்கிலீஷ்தான் சுத்தமாக வராது. நாகபுரி மாப்பிள்ளை இராமதாஸ் டைப் அடித்து அனுப்பிய இங்கிலீஷ் கடிதத்தை மகள் செல்வாம்பாள்தான் படித்துச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க விமானத்தில் வருகிறாராம்; தூரம், வேகம், கிளம்பும் நேரம் எல்லாம் எழுதியவர் இறங்கும் நேரத்தை மட்டும் எழுதவில்லையாம்.

"பேசிப் பாக்காதவனுக்கெல்லாம் கழுத்த நீட்ட மாட்டேன்" என்று மூன்று வரன்களை விரட்டியவள் அவள். நாலாவதும் கைநழுவினால் கலியபெருமாளுக்குத் தாங்காது. விமான நிலையத்தில் மாலையோடு நிற்காவிட்டால் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு திரும்பிவிட மாட்டாரா?

"அப்பா, அந்த ஐநூத்தி அறுபது மைலு. நம்ம கிலோமேத்தரு இல்ல."

"அடிப்பாவி, முன்னாடியே சொல்ல வேணாமா?"

பென்சில் காதிலிருந்து இறங்கியது. ஐநூற்று அறுபது தொள்ளாயிரமாக வீங்கியது. வேகமும் மைல் கணக்குதான் என்பது அந்த மகா மூளைக்கு எட்டவில்லை.

"தொள்ளாயிரத்த நூத்தி அறுபத்தஞ்சால வகுத்தா அஞ்சரை மணி நேரம். ஒன்றரைக்குத்தான் வரும்!"

செல்வாம்பாள் கணக்குத் தாளை எட்டிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் கொண்டுவந்த தணிகாசலம், பிரெஞ்சு மரியாதை குறையாமல், தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "எதிர்க்காத்து அடிக்குது முசே. அரை மணி சேத்துக்குங்க."

"அதானே! காத்த விட்டுட்டேன் பாரு!"

சரியாக இரண்டு மணிக்கு, ரோஜா மாலையும் கையுமாக மீனம்பாக்கத்தில் போய் நின்றார்.

"நாகபுரி விமானமா? பதினொன்றரைக்கே வந்தாச்சு. எல்லாரும் போயாச்சு" என்றார் அங்கிருந்த சிப்பந்தி.

"இருக்காதுங்க! எங்க கணக்குப்படி அது இன்னும் வானத்துல இருக்கு!"

சிப்பந்தி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே புலம்பல். "எம் பொண்ணு வாழ்க்கைய நானே கெடுத்துட்டேனே, தணிகாசலம்!" திண்டிவனத்தில் வாங்கிக் கொடுத்த காப்பியைக்கூட அவர் தொடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூடத்தில் இராமதாஸ் சம்மணம் போட்டு வஞ்சிரம் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செல்வாம்பாள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"உங்களக் காணோம்னு நானே டாக்சி புடிச்சு வந்துட்டேன், மாமா."

"எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள் செல்வாம்பாள், யாரும் கேட்காமலே.

கலியபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாடிய மாலையை மாப்பிள்ளை கழுத்தில் போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா தணிகாசலம், என் கணக்கு என்னிக்காவது வீண் போயிருக்கா?"

அந்த நேரம் பார்த்து, காலையில் விட்டுப்போன கூடையை எடுக்க வந்தாள் மீன்காரி வீராயி. வாசலிலிருந்து எட்டிப் பார்த்தவள் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"அட, இந்தத் தம்பிதான் மாப்ளயா? வியாழக்கிழமையிலேர்ந்து நம்ம பாப்பாவும் இவரும் வைத்திக்குப்பத்துல எங்க படகு மேலதானே குந்திக்கினு பேசிக்கினு இருந்தாங்க!"