என் ஓவியம் ரசமான கதை

ஓவியனாக ஆசைப்படுகிறவனுக்கு முதலில் திறமை வேண்டும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். முதலில் வேண்டியது சாயம். திறமை இல்லாமல் நான் ஒரு ஆயுளையே ஓட்டிவிட்டேன். சாயம் இல்லாமல் ஆரம்பித்ததுதான் என்னைக் காவல் நிலையம் வரை கொண்டுபோய் விட்டது.

அப்போது நான் இளவட்டம். கோலா சிலாங்கூர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை. வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் உச்சத்தில் இருந்த நேரம். காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் ராணுவ லோரி, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோகத் தடை. பால்மரம் வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். பிடிபட்டால் ஜெயில். சில பேரைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிட்டதாகவும் பேச்சு. (நான் பிறந்தது இங்கேயே, உலு யாமில். என்னை எந்த ஊருக்கு அனுப்புவார்களாம்!)

நாட்டில் இவ்வளவு நடந்துகொண்டிருக்க, நான் ஓவியத்தில் புரட்சி செய்துகொண்டிருந்தேன்.

எனக்கு வரைய வராது. இதை மூடி மறைத்துப் பயனில்லை. நான் மாடு வரைந்தால், பார்த்தவர்கள் "நம்ம மண்டோர் மாதிரியே இருக்கே" என்றார்கள். எங்களை மேய்த்து வேலை வாங்கும் மண்டோர் காதில் அது விழுந்துவிடப் போகிறதே என்று மாடு வரைவதை விட்டேன். அப்புறம் ஒருநாள் புகைக் கொட்டகையின் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். வருடக்கணக்காகப் படிந்த கறை. பழுப்பு, கறுப்பு, நடுவில் தேன் மாதிரி ஒரு மஞ்சள். அது மாடும் இல்லை, மண்டோரும் இல்லை. ஆனால் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்துபோனது. எதையும் போல இல்லாமலே ஒரு படம் அழகாக இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இதையே வேறு நாடுகளில் கண்டுபிடித்து, பெயர் வைத்து, நல்ல விலைக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியாது. நானாக 'மனப்படம்' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்.

சரி, சாயத்துக்கு எங்கே போவது? அடுப்படிக்குத்தான் போனேன்.

அந்த அடுப்படிக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு எஜமானி வந்திருந்தாள். புக்கிட் ரோத்தானிலிருந்து நான் கட்டிக்கொண்டு வந்த ரோசம்மா. பெயரில் இருந்த ரோசம் ஆளிடம் தெரியவில்லை. என்ன சொன்னாலும் 'ம்', 'சரிங்க', அவ்வளவுதான். வாய் பேசாத பெண்ணைக் கட்டி வைத்துவிட்டார்களோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

அவள் புல் வெட்டும் வேலைக்குப் போனதும் என் வேலை ஆரம்பிக்கும். அரிசிச் சாக்கைப் பிரித்து விரித்து, விறைப்பாக நிற்பதற்குக் கஞ்சி போடுவேன். வெறும் கஞ்சி நிற்கவில்லை என்று சோற்றையே குழைத்துத் தேய்த்தேன். மஞ்சளுக்கு மஞ்சள் தூள். அதிலேயே வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்தால் நல்ல ரத்தச் சிவப்பு. நீலத்துக்கு, துணிக்குப் போடும் நீலம். சாயம் ஒட்டிப் பிடிக்கப் புளிக்கரைசல். (யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். ஞானம்தான்.) மேகம் சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்று தோன்றினால் இடித்த மிளகு. மழைக்குச் சீரகம். நட்சத்திரத்துக்குக் கடுகு. உத்வேகம் வந்துவிட்டால் கலைஞன் கை அளவு பார்க்குமா?

அந்த நாட்களில் எங்கள் வீட்டு ரசம் வெந்நீரில் உப்பைப் போட்டது போல இருக்கும். நானே ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏன், உங்க வீட்டுல ரசத்துக்கு மொளகே போட மாட்டாங்களா?" என்று கேட்டேன். அவள் 'ம்' என்றுகூடச் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மிளகு முழுவதும் என் மேகத்தில் இருந்தது. கேட்கும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

அப்போதுதான் கோலா சிலாங்கூரில் ஒரு கண்காட்சி என்று செய்தி வந்தது. பூசணிக்காய், தையல் வேலை, ஓவியம் என்று எதை வேண்டுமானாலும் கொண்டு வரலாமாம். வெள்ளைக்கார அம்மா ஒருவர் பார்த்துப் பரிசு கொடுப்பாராம். என் பெரிய மனப்படத்தைப் பாய் மாதிரி சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலையிலேயே தோட்டத்துக் கேட்டுக்கு வந்தேன்.

கேட்டில் முனியாண்டி அண்ணன் நின்றார். போன மாதம் வரை எங்களோடு வேலை செய்தவர். இப்போது ஸ்பெஷல் போலீஸ், கையில் துப்பாக்கி.

"என்னடா அந்தோணி, கக்கத்துல பாயா?"

"படம்ண்ணே."

"யாரு படம்?"

"யாரும் இல்லண்ணே."

"ஆளே இல்லாத படம் எதுக்குடா?" என்று வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. "டேய், இதுல கல்யாண வீட்டு வாசம் அடிக்குதே!" விரித்து உதறினார். உதறிய வேகத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் பொலபொலவென்று பூமியில் உதிர்ந்தன. பின்பக்கத்தில் விரலால் சுரண்டினார். காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று நகத்தோடு வந்தது.

"சோறு!" என்றார். அடுத்த லோரியில் என்னை ஏற்றினார்கள்.

கோலா சிலாங்கூர் காவல் நிலையத்தில் இருந்த மலாய் இன்ஸ்பெக்டர், தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) வளர்ந்தவர். எங்கள் தமிழ் நன்றாகவே பேசுவார், அங்கங்கே ஒரு மலாய் 'லா' சேர்த்து. மேஜை மேல் என் படத்தை விரித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"அப்பா இனி?" என்றார். மலாயில் 'என்ன இது' என்று அர்த்தம். (அதற்குப் பிறகு எல்லா மொழியிலும் இதே கேள்வி என் காதில் விழுந்தாகிவிட்டது.)

"மனப்படம், துவான்" என்றேன். (துவான் என்றால் ஐயா.)

"படமா? எந்த எடத்துப் படம்?"

"எடம் இல்ல துவான், மனசு."

அவர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த மாவட்ட வரைபடத்தில் அந்தப் பெயரில் ஏதாவது தோட்டம் இருக்கிறதா என்று தேடிவிட்டு வந்தார்.

"இதுக்குப் பேரு ஏதும் வெச்சிருக்கியா?"

"விடியல், துவான்."

"விடியலா? யாருக்கு லா விடியுது?"

அன்றைய நிலவரப்படி எனக்கு விடிகிற மாதிரி தெரியவில்லை. அப்போதுதான் பயம் முழுதாக வந்து உட்கார்ந்தது. என்னைக் கப்பலேற்றிவிட்டால் ரோசம்மா என்ன செய்வாள்? என் மேல் கோபப்படக்கூட அவளுக்கு வார்த்தை வராதே என்று நினைத்தேன்.

சாயத்துக்கு அடியில் காட்டு வழி வரைந்திருப்பேனோ என்று இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம். மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொதிக்கவைத்து, அதில் என் படத்தை முக்கச் சொன்னார். கான்ஸ்டபிள் ஒருவர் கட்டையால் கிண்டினார். கொஞ்ச நேரத்தில் புளி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் கலந்து ஒரு வாசம் எழுந்தது பாருங்கள்! லாக்கப்பில் இருந்தவன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் மூன்று மாதக் கலையும் ரசமாகிவிட்டது. மஞ்சளும் நீலமும் சேர்ந்ததில் நிறம் மட்டும் பாசி பிடித்த பச்சை.

அந்த நேரத்தில்தான் முனியாண்டி அண்ணன் ரோசம்மாவை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பஸ் பிடித்து ஓடிவந்திருக்கிறாள். கண் வீங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் அவளிடம், "ஒன் புருசன் காட்டு ஆளுங்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறானா? உண்மைய சொல்லு" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். நேராக டின்னுக்குப் போனாள். மிதந்த சாக்கின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கிள்ளி எடுத்து, விரல் இடுக்கில் நசுக்கி முகர்ந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இது என் மொளகு!"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"எலி திங்குதுன்னு நெனைச்சேன் சார்! பொறி வெச்சேன். பக்கத்து வீட்டு அக்காவ சந்தேகப்பட்டு அவங்ககூட பேச்ச விட்டேன். புருசன் வாய்க்கு ருசியா ஆக்கத் தெரியலையேன்னு மாதா படத்து முன்னால அழுதேன். இந்த மனுசன் என் மொளகையும் புளியையும் சாக்குல பூசி வெச்சுட்டு, எங்க அப்பன் வீட்டுல மொளகு போட மாட்டாங்களான்னு என்னையே கேட்டாரு சார்! இவரா காட்டுக்குச் சாப்பாடு கொடுப்பாரு? இந்தக் கண்றாவிய அவங்க ஒரு வாய் தின்னாங்கன்னா, மறுநாளே கையத் தூக்கிக்கிட்டு வந்து சரணடைஞ்சிருவாங்க!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். லாக்கப்பில் இருந்தவனும் சிரித்தான். "சுடா, சுடா, போதும் லா" என்று கையை ஆட்டினார். "அம்மா, இவன நீ கூட்டிக்கிட்டுப் போ. ஜெயில்ல நாங்க இவ்வளவு திட்ட மாட்டோம்."

ஒரே ஒரு நிபந்தனை. தோட்டத்துக் கேட்டில் 'உணவுப் பொருட்களை வெளியே கொண்டு செல்லக்கூடாது' என்ற பலகையை நான்தான் எழுதித் தர வேண்டும். நல்ல பெயிண்டும் கொடுத்தார்கள். கொஞ்சம் உணர்ச்சி சேர்த்து எழுதிக் கொடுத்தேன். வேலியைப் பிரிக்கும் வரை அது அங்கேதான் தொங்கியது. கடைசி வரைக்கும் யாராலும் படிக்க முடியவில்லை.

அன்று பஸ்ஸில் வழி முழுக்க ரோசம்மா திட்டிக்கொண்டே வந்தாள். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. ஆனாலும் மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். என் பெண்டாட்டிக்குப் பேச வரும்! எனக்காக ஒரு இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று பேச வரும்! (அன்று திறந்த வாய் இன்னும் மூடவில்லை என்பது வேறு விஷயம்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரசத்துக்குப் 'படம்' என்றுதான் பெயர். "இன்னும் கொஞ்சம் படம் ஊத்தட்டா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், விருந்தாளிகள் விழிப்பார்கள். இப்போது நான் கடையில் வாங்கும் டியூப் சாயத்தில்தான் வரைகிறேன். கோலாலம்பூரில் இரண்டொருவர் விலை கொடுத்தும் வாங்குகிறார்கள். ஆனால் எந்தப் படத்தை முடித்தாலும் நான் உடனே கையெழுத்துப் போடுவதில்லை. ரோசம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தின் நாலு மூலையையும் மோந்து பார்ப்பாள். "நம்ம வீட்டுது இல்ல" என்று அவள் சொன்ன பிறகுதான் தூரிகையை எடுப்பேன்.